தரைதொடு படிவம்

போன வருடம் பிப்ரவரி மாத நீண்ட வாரக்கடைசியில் மாரிசாமி குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போனார். மலையில் அவர் செய்த வேலை எல்லோருடைய ஜாக்கெட்டையும் பிடித்துக்கொண்டு நின்றதுதான். அதைத் திறமையாகவே செய்தார், ஒன்றுகூடத் தொலையவில்லை. வீடு இருக்கும் பிளானோவுக்குத் திரும்பியதும் மகள் கயல் பள்ளிக்கூடத்தில் அந்தப் பயணத்தைப் படமாக வரைந்தாள். படத்தில் மலை இருந்தது, அம்மா கண்மணி இருந்தாள், கயல் இருந்தாள், ஓரத்தில் ஆறு ஜாக்கெட் தொங்கும் கோட் ஸ்டாண்டு ஒன்றும் இருந்தது. டீச்சர் பச்சை மையில் 'அப்பா எங்கே?' என்று கேட்டிருந்தார். மாரிசாமியும் அதையேதான் கேட்டார்.

"தட்ஸ் யூ, அப்பா," என்று கயல் ஸ்டாண்டைக் காட்டினாள்.

உற்றுப் பார்த்தால் ஸ்டாண்டு கண்ணாடி போட்டிருந்தது.

மாரிசாமி சாத்தூர்க்காரர். ஒரு வெயிலில் பிறந்து இன்னொரு வெயிலில் வீடு வாங்கியவர். வழுக்கி விழுவது என்பது அவர் அறிந்தவரை குளியலறையில் நடக்கிற விபத்து. அதற்கென்று ஆட்கள் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, மலையேறிப் போவார்கள் என்பதை நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டார். ஆனாலும் அந்தக் கண்ணாடி அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கயலுக்குப் பதினொரு வயது. வருகிற வருடம் மிடில் ஸ்கூலில் ஸ்கீ கிளப் இருக்கிறது, சிநேகிதிகளோடு போய்விடுவாள். அப்பாவைக் கூப்பிடுவது இந்த வருடத்தோடு சரி.

"ஒன் ரன், அப்பா. டாப் டு பாட்டம். வித் மீ. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ் தாயி," என்றார் மாரிசாமி. சொன்ன பிறகுதான் முழங்கால் இரண்டும் தங்களைக் கேட்கவில்லையே என்று பார்த்தன.

இந்த இடத்தில்தான் பிளானோ பெருவெளித் தமிழ் மன்றம் உதவிக்கு வந்தது.

மன்றம் ஆண்டுதோறும் நாற்பது குடும்பங்களை பஸ்ஸில் ஏற்றி நியூ மெக்ஸிகோ மலைக்குக் கூட்டிப் போகும். இந்த வருடம் ஒரு புதிய கம்பெனி, தன் கருவியைச் சோதித்துப் பார்க்க நாற்பது செட்டை மன்றத்துக்குக் கொடுத்திருந்தது. பூட்ஸுக்குள் வைக்க ஒரு மெல்லிய அட்டை, இடுப்பில் கட்ட ஒரு பெல்ட், காதில் ஒரு பொத்தான். உடம்பின் எடை எந்தக் காலில், எந்த ஓரத்தில் விழுகிறது என்று அட்டை பார்த்துக்கொள்ளும். எவ்வளவு சாய்கிறோம் என்று பெல்ட் பார்த்துக்கொள்ளும். காதுக்குள் ஒரு பெண் குரல், "லெஃப்ட். மோர். குட்," என்று மூன்றே சொல்லில் திருத்தும். நூற்றுக்கு இத்தனை என்று போனில் மதிப்பெண் வரும்.

மாரிசாமி அதைக் கட்டிக்கொண்டு நடு ஹாலில் நின்றார். முதல் நாள் முப்பத்தொன்று. "ரைட் ஹெவி," என்றது குரல். பதினெட்டு வருடம் லேப்டாப் பையை ஒரே தோளில் மாட்டியதில் உடம்பே வலப்பக்கம் இறங்கியிருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"கண்மணி, நான் இத்தனை வருசமா சாஞ்சே நிக்கேன்."

"நீங்க சாஞ்சு பாத்திருக்கேன். நின்னுதான் பாத்ததில்ல," என்றாள் கண்மணி, சோபாவைப் பார்த்தபடி.

அவர் மனம் தளரவில்லை. ஆபீஸ் மீட்டிங்கை ஒற்றைக் காலில் கேட்டார். சாம்பாரை மறுகாலில் கிண்டினார். நான்கே நாளில் ஐம்பத்தெட்டு வந்துவிட்டது. மாரிசாமிக்கு வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் இவ்வளவு வேகமாக மார்க் ஏறியதில்லை.

ஐந்தாம் நாள் மன்றத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: 'கருவிகளை உடனே ஒப்படைக்கவும். அவை ஆங்கிலம் பேசுவதாகப் புகார் வந்துள்ளது.'

மளிகைக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் அவசரக் கூட்டம். மேடையில் தலைவர் ஜம்புநாதன். பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். பக்கத்தில் சொல்லாக்கக் குழுச் செயலாளர் செழியன். வார நாட்களில் ஒரு வங்கிக்கு டேட்டாபேஸ் பார்ப்பவர். சனி ஞாயிறுகளில் மொழியைப் பார்ப்பார்.

"அன்பர்களே," என்று ஜம்புநாதன் ஆரம்பித்தார். "முதலில் 'பனிச்சறுக்கு' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 'ஜம்புநாதன் தலைமையில் சறுக்கல்' என்று எதிரணி வாட்ஸ்அப்பில் போடக் காத்திருக்கிறது. இனி இதன் பெயர் 'பனி முன்னேற்ற விழா'."

கைதட்டல்.

மாரிசாமி பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். "அப்ப கீழ விழுந்தா தலைவரே?"

"எனது தலைமையில் யாரும் விழுவதில்லை. தரையைத் தொடுகிறார்கள். விமானம் தொடுகிறதா இல்லையா?"

அடுத்ததாக செழியன் எழுந்தார். கையில் எழுபத்திரண்டு புதுச் சொற்களின் பட்டியல். "இச்சொற்களை ஆக்க, பயணம் அறிவித்த நாள்முதல் ஆறு கிழமைகள் உழைத்தேன். நான் இதுவரை பனியைக் கண்டதில்லை. மலைக்கு வந்தாலும் சாளரத்துக்கு முதுகு காட்டியே அமர்வேன். கண்டால் ஒரு பாரபட்சம் வந்துவிடும். சொல்லாக்கம் தூய்மை கெடும்."

இதற்கும் கைதட்டல். மாரிசாமியும் தட்டினார்; பக்கத்தில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் சிக்கல் 'லெஃப்ட்', 'ரைட்'. இடது என்றால் ஒரு கட்சி வாடை, வலது என்றால் இன்னொன்று. மன்றமோ விதி ஏழின்படி எப்பக்கமும் சாராத அமைப்பு. ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது.

"எங்கூர்ல சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம்னு சொல்லுவோம்," என்றார் மாரிசாமி. "டக்குனு புரியும்."

கூட்டக் குறிப்பில், 'உறுப்பினர் ஒருவர் ஒரு கருத்தைத் தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில், கருவி இடது என்று சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் வலதுக்கும் சம மரியாதை தரவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து, வேகம் குறைக்கும் வித்தை. காலில் மாட்டும் இரண்டு சறுக்குக் கட்டைகளின் முன்முனையையும் உள்ளே சேர்த்து, பின்பக்கத்தை விரிக்கவேண்டும். மலையில் குழந்தைகளுக்கு இதை 'பீட்சா' என்று சொல்லித்தருவார்கள்; துண்டு போட்ட பீட்சா மாதிரி இருக்கும்.

"இத்தாலிய உணவு," என்றார் செழியன்.

"சமோசா?" என்றது ஒரு குரல்.

"வடநாட்டுப் பண்டம். இதற்கு நம்மிடமே சொல் உண்டு. மரம் பிளக்கச் செருகும் கூர்முனை எது? ஆப்பு! இனி வேகம் மிகும்போது கருவி, 'ஆப்பு வைத்துக்கொள்ளுங்கள்' என்று அறிவுறுத்தும்."

மாரிசாமிக்கு வந்த சிரிப்பு பாதி வழியில் இருமலாக மாறியது. வேறு யாரும் சிரிக்கவில்லை. செழியன் சிரிக்காதவரை மன்றத்தில் யாரும் சிரிப்பதில்லை, செழியன் சிரித்ததில்லை.

"சரி, குரல் யாருது?" என்று யாரோ கேட்டார்கள்.

ஜம்புநாதன் தொண்டையைச் செருமினார். எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது.

மலைக்குப் போகுமுன் நிகர்நிலைச் சான்றிதழ், அதாவது பேலன்ஸ் சான்றிதழ், வாங்கவேண்டும் என்றும் விதி வந்தது. கருவியைக் கட்டிக்கொண்டு எழுபது மதிப்பெண் காட்டாதவர்கள் பஸ்ஸில் ஏறலாம், சரிவில் ஏறக்கூடாது. பழையபடி ஜாக்கெட்டுப் பிடிக்கலாம். மாரிசாமி ஐம்பத்தெட்டில் இருந்தார்.

சோதனை நாளன்று நாற்பது பேரும் ஹாலில் பூட்ஸோடு நின்றார்கள். தலைவர் மட்டும் மேடையில் உட்கார்ந்தபடி கருவியைக் கட்டியிருந்தார். திரையில் அவர் பெயருக்கு நேரே தொண்ணூற்றெட்டு ஒளிர்ந்தது. அசையாத உடம்புக்குக் கருவி அப்படித்தான் மதிப்பெண் தரும். பாவம், அதற்கு மன்றத்தைப் பற்றித் தெரியாது.

"பாருங்கள்," என்றார் ஜம்புநாதன். "பதினொரு ஆண்டுகளாக இந்த நாற்காலியில் நான் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. இறக்கிவிட எத்தனையோ பேர் முயன்றார்கள். இறங்கினேனா? இதற்குப் பெயர்தான் நிகர்நிலை. இதை இன்றைக்கு அறிவியலே ஒப்புக்கொண்டிருக்கிறது."

பேச்சு ஐம்பது நிமிடம் ஓடியது. இருபதாவது நிமிடத்தில் நின்றவர்களுக்கு உடம்பு மரத்துப்போனது. முப்பத்தைந்தில் மனமும். ஒருவரும் இம்மி அசையவில்லை. தலைவர் அதை மெய்மறந்த ரசனை என்று எடுத்துக்கொண்டார். கருவி அதைச் சமநிலை என்று எடுத்துக்கொண்டது. மாரிசாமி எழுபத்தொன்று வாங்கித் தேறினார். பனிச்சறுக்குக்கு உடம்பை முன்னால் சாய்த்து, கால் மாற்றி, ஆடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று முன்பு அந்தப் பெண் குரல் நான்கு நாள் சொல்லித்தந்திருந்தது. அதெல்லாம் இப்போது மறந்துபோயிருந்தது. ஆனால் சான்றிதழ் கையில் இருந்தது, லேமினேஷன்கூடப் போட்டிருந்தார்கள்.

மலையில் சனிக்கிழமை முழுதும் தொடக்க விழாவிலேயே போனது. குத்துவிளக்கைச் சரிவில் ஏற்றப் பார்த்து, காற்று விடாததால் சரிவே மலையடிவார லாட்ஜுக்குள் வந்துவிட்டதாகக் கருதி அங்கே ஏற்றினார்கள். சாயங்காலம் மட்டும் சில பேர் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தார்கள். அதில் ஒரு பெரியவர் கணுக்கால் பிசகி, மலைக் காவலர்களின் சறுக்கு வண்டியில் படுத்தபடி இறங்கினார். தொண்டர் படை ஓடிப்போய், மன்ற வழக்கப்படி அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. அவருக்குக் குளிர்ந்திருக்கும்போல, அதை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார்கள்.

"அப்பா, டுமாரோ இஸ் லாஸ்ட் டே," என்றாள் கயல்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத்தான் மன்றம் மாரிசாமியின் காகிதங்களைச் சரிபார்த்து விட்டது. நான்கு மணிக்கு மலையை மூடிவிடுவார்கள். அதற்குள் கீழே வராதவர்களைக் காவலர்கள் வண்டியில் அள்ளிக்கொண்டு வருவார்கள். கண்மணி நன்றாகச் சறுக்குவாள். "நான் கீழ நிக்கேன், ரெண்டு பேரும் முழுசா வந்து சேருங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். மாரிசாமியும் கயலும் லிஃப்டில் உட்கார்ந்து மேலே போனார்கள். இருப்பதிலேயே சுலபமான பச்சைப் பாதைதான். மேலிருந்து பார்த்தபோது மாரிசாமிக்கு, பச்சை என்று பெயர் வைத்தவனும் ஏதோ ஒரு சொல்லாக்கக் குழுவில் இருந்தவனாகத்தான் இருப்பான் என்று பட்டது.

"ரெடி?"

"ரெடி தாயி."

பத்தடி நகர்ந்தார். காதுக்குள் ஜம்புநாதன் வந்தார்.

"மதிப்பிற்குரிய உறுப்பினர் மாரிசாமி அவர்களே, வணக்கம். வலதுபுறத்தின் சிறப்பினை எவ்வகையிலும் குறைத்து மதிப்பிடாமல், தங்கள் இடது பாதத்தின் உள்விளிம்பின் மீது தங்கள் உடல் எடை முழுவதையும் இத்தருணத்தில் சாய்த்து..."

மாரிசாமி பணிவோடு சாய்த்தார்.

"...விடாதீர்கள்," என்று ஜம்புநாதன் முடித்தபோது மாரிசாமியின் வாய்க்குள் பனி இருந்தது.

போன் அடித்தது. "மாரிசாமி அண்ணா, நான் ஷ்யாமளா. தரைதொடு பிரிவுலேர்ந்து பேசறேன். தரையத் தொட்டுட்டீங்களா?"

"தொட்டுட்டேம்மா."

"எழுந்துடாதீங்க அண்ணா! எழுந்துட்டா சாட்சி கலைஞ்சிடும்னு ரூல். படுத்தபடியே ஃபார்ம் ஃபில் பண்ணி சப்மிட் பண்ணுங்க. அப்ரூவ் ஆனதும் எழுந்துக்கலாம். பண்ணலேன்னா சான்றிதழ் கேன்சல் ஆயிடும், தொண்டர் படை ஷாலோட வந்துடுவாங்க."

மாரிசாமிக்குக் கையுறைக்குள் விரல் விறைத்திருந்தது. கயல் சலிப்போடு பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கினாள். மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டாம் நிலை முடித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

"தொ...ட்ட... உறுப்பு. வாட்ஸ் தட்?"

"உடம்புல எது கீழ பட்டுச்சுன்னு கேக்காங்க."

கயல் அப்பாவை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு 'எல்லாம்' என்று அடித்தாள்.

'தரைக்குச் சேதம் உண்டா' என்பதற்கு இல்லை. காரணத்துக்கு ஒரு பட்டியல் இருந்தது. பனியின் குறை, மலையின் குறை, உறுப்பினரின் கவனக்குறைவு, உறுப்பினரின் வளர்ப்பு, முந்தைய நிர்வாகம் என்று போய், ஆகக் கடைசியில் 'பிற'. கருவி என்றோ குரல் என்றோ எங்கேயும் இல்லை.

"ஹூ இஸ் முந்தைய நிர்வாகம்?"

"போன எலெக்சன்ல தோத்தவங்க."

"தே புஷ்ட் யூ?"

"இல்ல தாயி. ஆனா அதையே போடு. சீக்கிரம் அப்ரூவ் ஆகும்."

ஆனது, ஒன்பது நிமிடத்தில். மாரிசாமி எழுந்தார். கொஞ்ச தூரத்தில் சரிவு செங்குத்தாகி வேகம் பிடித்தது. "மதிப்பிற்குரிய உறுப்பினர் மாரிசாமி அவர்களே, வணக்கம். தற்போது தாங்கள் ஆப்பு வைத்துக்கொள்ளுங்கள்." வைத்துக்கொண்டார். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மறுபடி ஷ்யாமளா, மறுபடி 'எல்லாம்'. மூன்றாவது முறை மலையின் குறை. நான்காவது முறை வளர்ப்பு. கயல் அதற்கு அர்த்தம் கேட்டபோது மாரிசாமி பேச்சை மாற்றினார்.

ஒரு திருப்பத்தில் அவர் நன்றாகவே போய்க்கொண்டிருந்தார். இரண்டு கால்களும் அவருடையவையாக இருந்தன. காற்று முகத்தில் அடித்தது. கயல் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அப்போது காதுப் பொத்தானில் போன் அடித்தது.

"அண்ணா, விழுந்துட்டீங்களே?"

"இல்லம்மா, நல்லாப் போய்க்கிட்டு இருக்கேன்."

"சிஸ்டம்ல விழுந்துட்டதா காட்டுது. ஃபார்ம் ஓபன் ஆயிடுச்சு."

"தப்பாக் காட்டுதும்மா. மூடிருங்க."

"மூட ஆப்ஷன் இல்ல அண்ணா. சப்மிட் ஆனாத்தான் க்ளோஸ் ஆகும். படுத்தபடிதான் சப்மிட் ஆகும்." ஷ்யாமளாவின் குரல் தணிந்தது. அவளும் ஒரு சம்பளமில்லாத வேலையில் மாட்டிக்கொண்ட மனுஷிதானே. "கோச்சுக்காதீங்க அண்ணா. ஒரே ஒருவாட்டி மெதுவா விழுந்துடுங்களேன்?"

மாரிசாமி விழுந்தார். அந்த நாளின் மிக நேர்த்தியான விழுகை அதுதான்.

"அப்பா! யூ வேர் டூயிங் இட்!" கயல் மேலேறி வந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "இட்ஸ் த்ரீ தர்ட்டி. வீ வோன்ட் மேக் இட்."

மாரிசாமி சரிவை மேலும் கீழும் பார்த்தார். முக்கால்வாசிச் சரிவு இறங்கியாயிற்று. கீழே லாட்ஜ் தெரிந்தது. வாசலில் ஜாக்கெட் பிடித்தபடி நான்கு அப்பாக்கள் நின்றார்கள். மேலே, மலையைக் கூட்டிப்பெருக்கிக்கொண்டு வரும் காவலர்களின் சிவப்புச் சட்டை இரண்டு புள்ளியாகத் தெரிந்தது.

"வருவோம் தாயி. நீ சொல்லு, நான் கேக்கேன்."

கயல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் சறுக்குக் கோலின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். அவள் மலைக்கு முதுகு காட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்க ஆரம்பித்தாள். "லுக் அட் மீ. நாட் அட் யுவர் ஃபீட்." மாரிசாமி பார்த்தார். இருபது அடி. ஐம்பது அடி. நூறு அடி. அவள் முகம் ஒரு டிரைவிங் லைசென்ஸ் அதிகாரி முகம்போல இறுகியிருந்தது. மாரிசாமியின் முகம் எப்படி இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் உதட்டோரம் துடித்தது.

"என்ன?"

"நத்திங். யூ லுக் லைக்... நத்திங்."

அந்த நேரம் பார்த்து அவர் கால் மடங்கியது. உட்கார்ந்த வாக்கில் கீழே போனார். காதுப் பொத்தான் கழன்று பனியில் விழுந்து, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேசியது:

"மதிப்பிற்குரிய உறுப்பினர் மாரிசாமி அவர்களே, வணக்கம். தாங்கள் மிகச் சிறப்பாக முன்னேறிக்கொண்டிருக்கிறீர்கள்."

கயல் பொத்தானைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். "டஸ் இட் மீன் கோயிங் ஃபார்வர்டு?"

"ஆமா."

அவ்வளவுதான். அவளுக்குள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பி, நின்ற காலை வாரிவிட்டது. அப்பாமேலேயே விழுந்தாள். மாரிசாமிக்கும் தாங்கவில்லை. மூன்று மாதமாக இருமலாக மாற்றி வைத்திருந்த சிரிப்பு முழுதும் சேர்ந்து வந்தது. எழுந்திருக்கப் பார்ப்பார்கள், பொத்தான் "வணக்கம்" என்னும், மறுபடி விழுவார்கள். கயலின் கண்ணாடி ஒருபக்கம், தொப்பி ஒருபக்கம். வயிறு வலிக்கிறது என்று அவள் ஆங்கிலத்தில் கெஞ்சினாள்.

போன் அடித்தது. கயலே படிவத்தைத் திறந்தாள். காரணப் பட்டியலை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போய் 'பிற'வைத் தொட்டாள். காலியான கட்டத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள்:

சிரிச்சோம்.

அனுப்பினாள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது: நிராகரிப்பு. தொடர்ந்து ஷ்யாமளா. "அண்ணா, செழியன் சார் உங்ககிட்ட பேசணுமாம்."

"மாரிசாமி அவர்களே," என்றார் செழியன். லாட்ஜில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவரின் வெதுவெதுப்பான குரல். "'சிரிச்சோம்' கொச்சை. அது போகட்டும். தரை தொட்டவர் ஒருவர். வினைமுற்றோ பன்மையில் இருக்கிறது. எண் வழு. 'சிரித்தேன்' என்று திருத்தி அனுப்புங்கள்."

"வழு இல்லீங்க. ரெண்டு பேருந்தான் விழுந்தோம். ரெண்டு பேருந்தான் சிரிச்சோம்."

"சிறுமிக்கு உறுப்பினர் எண் கிடையாது. மன்றத்தின் பார்வையில் அங்கே தாங்கள் ஒருவர் மட்டுமே இருக்கிறீர்கள்."

"அப்ப கொஞ்சம் திரும்பி வெளிய பாருங்க."

"பார்க்க இயலாது. பாரபட்சம் வந்துவிடும். திருத்தும்வரை தாங்கள் எழ இயலாது."

கயல் அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டினாள். "வாட் டிட் ஹீ சே?"

"நீ இங்க இல்லையாம். 'ஓம்' தப்பாம். 'ஏன்'னு மாத்தணுமாம்."

கயல் போனில் தான் அடித்த சொல்லைப் பார்த்தாள். பிறகு, இரண்டு நாளில் முதல் முறையாகத் தமிழில் பேசினாள்:

"மாத்தாத, அப்பா."

மாரிசாமி போனைப் பைக்குள் போட்டார், பனியில் கிடந்த பொத்தானை எடுத்துக் காலரில் செருகிக்கொண்டார். படிவம் திறந்தபடியே இருந்தது. கோலை ஊன்றி எழுந்தார்.

சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்துவிட்டார்கள். "யூ காய்ஸ் ஓகே?" என்று வண்டியைக் காட்டினார் ஒருவர்.

"வீ ஆர் ஓகே," என்றார் மாரிசாமி. கீழே லாட்ஜ் வாசலில் தொண்டர் படை நான்கு பேர் பொன்னாடையை உதறி விரிப்பது தெரிந்தது. அவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி, கண்மணி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் நூற்றைம்பது அடிதான் இருக்கும். கயல் இந்த முறை கோலை நீட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் கிளம்பினார்கள். மாரிசாமி இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் கொடுத்தார். காக்கை விரட்டப் போகிறவர் மாதிரி இருந்தது, ஆனால் நகர்ந்தது. பக்கத்திலேயே கயலின் மூச்சுச் சத்தம் கேட்டது. பொத்தான் அவர் காலரில் தொங்கியபடி, "மதிப்பிற்குரிய உறுப்பினர் மாரிசாமி அவர்களே, வணக்கம். நிலுவையில் உள்ள தங்கள் படிவத்தினைக் கருத்தில் கொண்டு, இடதுபுறத்திற்கும் வலதுபுறத்திற்கும் உரிய மரியாதையினைச் செலுத்தி, தாங்கள் உடனடியாக..." என்று ஆரம்பித்தது. அதன் வினைமுற்று வருவதற்குள் இருவரும் கீழே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மூன்று ஐம்பத்தாறு. கண்மணி ஓடிவந்து யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் பொத்தென்று விழுந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பரிசளிப்பு நடந்தது. நாள் முழுதும் லாட்ஜ் நாற்காலியை விட்டு எழாத ஜம்புநாதன் தொண்ணூற்றொன்பது பெற்று முதல் பரிசைத் தனக்குத் தானே வழங்கிக்கொண்டார். மாரிசாமியின் சான்றிதழ் ரத்தானது. கயல் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்; வலது தோள். அவர் அதைத் திருத்தவில்லை.

படிவம் இன்னும் மூடப்படவில்லை. செழியன் மாதம் ஒருமுறை நினைவூட்டல் அனுப்புகிறார், மாரிசாமி பதில் போடுவதில்லை. மன்றத்தின் ஆவணப்படி உறுப்பினர் மாரிசாமி இன்றைக்கும் அந்தச் சரிவிலேயே விழுந்து கிடக்கிறார், பக்கத்தில் ஒரு பன்மை விகுதியோடு.